பாங்கு கேட்டதும் குளிசை

ஹலோ... ஹலோ, ஹமீமா மதினியா? ஆ, றுஸைனா தான். சொல்லுங்க... இன்னும் கண்டியில தான், ஆஸ்பத்திரியில உம்மாக்குப் பக்கத்துல. என்ன?... தள்ளாடுறாரா? உங்க தம்பியா?... வலிப்பு வந்ததா?... வரல்ல. அப்ப என்ன... ஆமா, ஆமா, கேக்குது.

நேத்துல இருந்தே தூக்கமா? எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாமா?... மதினி, நேத்தே எடுத்துச் சொல்லியிருக்கலாமே... சரி, சரி. ஏசல்ல. எனக்கு ஏசவும் தெம்பில்ல.

வலிப்புக் குளிசை போடுறாரு தானே?... விடிய சுபஹ் தொழுகைக்குப் பாங்கு கேட்டா ஒண்ணு, ராவைக்கு இஷா பாங்கு கேட்டா ஒண்ணு. ஆமா, நான் தான் பழக்கினேன். கொப்பியில எழுதச் சொன்னா கொப்பிய எங்க வச்சோம்னு தேடுவாரு. போன்ல அலாரம் வச்சா எதுக்கு அடிக்குதுன்னு என்னையே கேப்பாரு. பாங்கு ஒண்ணு தான் சரி வந்திச்சு. எங்க உக்குவளை வீட்டுல எட்டு மாசமா ஒரு தரம் கூடப் பிழைக்கல்ல.

குளிசை அட்டைய எடுங்க. மூணு நாளைக்கு முன்ன அவர உங்க வீட்டுக்கு அனுப்பினப்ப இருபது குடுத்தனுப்பினேன். எத்தனை மிச்சம்?... எட்டா? மூணு நாளைக்கு ஆறு தானே போகணும்? திரும்ப எண்ணுங்க...

எட்டு தான்...

மதினி, உங்க வீட்டுக்கு எத்தனை பள்ளிவாசல் பாங்கு கேக்கும்?... ரெண்டா. ஒண்ணு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல மத்தது... அல்லாஹ்வே. முதல் பாங்குக்குப் போட்டத மறந்து, அடுத்த பாங்குக்கும் போட்டிருக்காரு.

...பைத்தியம் இல்ல மதினி. அவருக்குக் கேக்கிற மாதிரி அப்படிச் சொல்லாதீங்க. வலிப்புக்காரங்களுக்கு இந்த மறதி வரும்னு டொக்டரே சொன்னாரு... பொறகு பேசுவோம். ஸக்கரியா மச்சான்கிட்ட சொல்லி த்ரீவீல் ஒண்ணு பிடிங்க. ஆஸ்பத்திரிக்கு, இப்பவே. அட்டையும் கிளினிக் கொப்பியும் கொண்டு போங்க. மூணு நாளா ரெண்டு மடங்கு போட்டிருக்காருன்னு முதல்ல சொல்லுங்க. அடுத்த குளிசை டொக்டர் சொல்ற மாதிரி தான், நீங்களா குடுக்கவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம்.

அழுறாரா?... போன அவர்கிட்ட குடுங்க.

இஞ்ச பாருங்க, நான் தான்... இல்லங்க, நீங்க ஒண்ணும் கெடுக்கல்ல... கேளுங்க. பாங்கு கேட்டா போடணும்னு நான் சொன்னேன். கேட்ட நேரமெல்லாம் போட்டிருக்கீங்க. நான் சொன்னத நீங்க மறக்கல்ல. மாத்தளை டவுன்ல ரெண்டு பாங்கு கேக்கும்கிறத மறந்தது நான் தான்... ம்... ஆமா, நானே தான். சிரிக்கிறீங்களா? சிரிங்க.

த்ரீவீல் வந்துட்டுதா? மெதுவா ஏறுங்க. உம்மாகிட்ட தங்கச்சி வந்ததும் நானும் பஸ் ஏறுறேன்... என்னது?... எங்க போறீங்களா? ஆஸ்பத்திரிக்கு... ஆமா, ஆமா, உங்களுக்குத் தான்... யாரு மறந்ததா?

...நான் தாங்க. நீங்க இல்ல. நான்... ஹலோ?... ஹலோ?