சனிக்கிழமை கேட்ட பேனா

பெயர் அமாதியோ விவாந்தே. வயது அறுபத்தெட்டு. மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவன். தனியாக வசிக்கிறேன். விலாசம்: வெனிஸ் நகரம், யூதர் குடியிருப்பு, புதிய கெட்டோ சதுக்கம், கிணற்றுக்கு எதிர்வீடு, ஐந்தாம் மாடி. காவல் நிலையத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். எங்கள் யூத மத ஓய்வுநாளான சனிக்கிழமையில் சட்டைப்பையில் எதையும் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதில்லை என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன்.

நான் மேற்படி விலாசத்தில் பிறந்தது முதல் குடியிருந்து வருகிறேன். வெள்ளி மாலை பொழுது சாய்ந்தது முதல் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை விளக்குப் போடுவதில்லை, எழுதுவதில்லை. பிற மதத்தவரிடம் 'இதைச் செய்' என்று சொல்வதும் கூடாது. ஜாடையாகச் சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். சதுக்கத்தில் பழக்கடை போட்டிருக்கும் வங்காளதேசத்துக்காரர் மொக்லேஸ் என்பவருக்கு இது வருஷக்கணக்கில் பழகிய விஷயம்.

இன்று காலை ஜெபக்கூடத்திலிருந்து திரும்பியபோது வீட்டில் ஃபியூஸ் போயிருந்தது. ஜூலை மாதப் புழுக்கம். அதன்பின் நான் கீழே இறங்கி மொக்லேஸ் கடைமுன் நின்று, "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற மீன் இன்னைக்கு என்ன கதியாகுமோ" என்று பொதுவாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, யாருக்கு அதிகமா வேர்க்குது, மீனுக்கா உங்களுக்கா?" என்றார். "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு" என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனார். நான் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீச் பழம் கேட்டு வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொன்னேனே தவிர, எதையும் விற்கவில்லை.

அதன்பின் நாலாம் மாடியில் வாரவாடகைக்கு வந்திருக்கும் பெண்மணி, ஸ்க்ரூடிரைவரோடு படியேறிய ஆளைப் பார்த்துத் திருடன் என்று போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். அவரே முந்தாநாள் வந்தவர். அதன்பின் இரண்டு காவலர்கள் மொக்லேஸைப் பிடித்து, அவரிடம் தினமும் பழம் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க, சதுக்கத்தின் நடுவே நடத்திக் கூட்டிப்போனார்கள். நானும் பின்னாலேயே நடந்து இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே என்னை விசாரித்த அதிகாரி, "நீங்க அவனை உள்ள போகச் சொன்னீங்களா?" என்று கேட்டார். "சொல்லல" என்றேன்.

"அப்போ சொல்லாமதான் நுழைஞ்சிருக்கான்."

"அப்படியில்ல. அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் சொல்ல மாட்டேன்னு தெரியும்."

அதிகாரி பேனாவை மேசைமேல் போட்டார். "பெரியவரே, என் உயிரை வாங்காதீங்க. சொன்னீங்களா, சொல்லலையா?" அதன்பின் ஃபியூஸ், மீன், கதவு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மறுபடியும் சொன்னேன். எனக்கே என் குரல் எரிச்சலாக இருந்தது.

அதன்பின் அதிகாரி, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வாக்குமூலம் இல்லாவிட்டால் மொக்லேஸை மாலைப் படகில் அக்கரையிலுள்ள பெரிய காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மொக்லேஸின் தங்கும் அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கிறது. திருட்டு வழக்கு ஏறினால் அது கிடைக்காது. அவருடைய மனைவியும் மகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நட்சத்திரம் தெரிந்ததும் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றேன். "உங்க நட்சத்திரத்துக்காகப் படகு நிக்காது" என்றார்.

ஜன்னலைப் பார்த்தேன். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணிமேல் கோபம் வந்தது, அதிகாரிமேல் கோபம் வந்தது. வாய்திறந்து கேட்காமல் நான் நல்லபிள்ளையாக இருந்துகொண்டு, பழியை மொக்லேஸ் தலையில் விழவிட்டேனே என்று என்மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

அதன்பின், ஜாடை எதுவும் வைக்காமல், "பேனாவைக் குடுங்க" என்று அதிகாரியிடம் கேட்டேன். எதிர் பெஞ்சில் இருந்த மொக்லேஸ் எழுந்துவிட்டார். "ஐயா, வேணாம். இன்னைக்கு சனிக்கிழமை" என்றார். "தெரியும், உட்காருப்பா" என்றேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: மொக்லேஸை என் வீட்டுக்குள் போகச் சொன்னது நான்தான்.

(ஒப்பம்) அ. விவாந்தே
சனிக்கிழமை, வெயில் இருக்கும்போதே.