மெர்வ் கை பட்ட போன்

போன் வழியைத் தப்பாகக் காட்டினால், முதலில் அதன் உறையைக் கழற்றிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருடைய தொல்லை அதோடு தீர்ந்துவிடும். காரில் ஒட்டி வைக்கத் தோதாகக் காந்தம் வைத்த உறையைப் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு திசைகாட்டி கோணல்மாணலாகச் சுற்றுகிறது என்று போனைத் திட்டுகிறார்கள். உறையில் கோளாறு இல்லையென்றால் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், அது ஜி.பி.எஸ்ஸைத் தூங்கவைத்துவிடும். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். வெட்டவெளியில் நின்று, காற்றில் எட்டுப் போடுகிற மாதிரி போனை நாலைந்து தடவை சுழற்றுங்கள். கிளம்புவதற்கு முன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வித்தை.

சார்ஜென்ட், போர்ட் அகஸ்டாவிலிருந்து இத்தனை தூரம் நீங்கள் வந்தது இதைக் கேட்பதற்கு அல்ல என்று தெரியும். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். உங்கள் எதிரே மேசையில் இருக்கிற அந்தச் செப்புத் துண்டு என்னுடையதுதான். அதற்கு வருகிறேன்.

டாப்ஸன்ஸ் வெல்லில் எண்பது பேர் இருக்கிறோம். பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த டல்சியின் சாப்பாட்டுக் கடை, அதற்குப் பின்னால் என்னுடைய ரிப்பேர் கடை. இருபத்திரண்டு வருடமாகத் தேடுதல் குழுவில் தொண்டு செய்கிறேன். முன்பெல்லாம் மாதம் ஒரு ஆளாவது பாலைவனத்தில் வழி தவறுவான். போனில் வரைபடம் வந்த பிறகு யாரும் தவறுவதில்லை. என் ஆரஞ்சு நிறச் சட்டை இரண்டு கோடைக்காலம் ஆணியிலேயே தொங்கியது. அது ஒரு குறையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பலராட்டிலிருந்து ஒரு வயதான தம்பதி கேரவனில் வந்தார்கள். அந்த அம்மாவின் போனில் திரையை மாற்றிக் கொடுத்தேன். மாற்றும்போது ஆன்டெனாவின் திருகைச் சரியாக முடுக்க மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான். ஊருக்குள் செல்போன் கோபுரத்தின் தயவில் போன் சரியாகவே காட்டும். இருபது கிலோமீட்டர் தாண்டினால் செயற்கைக்கோளை மட்டும் நம்ப வேண்டும். அங்கே அந்த நீலப் புள்ளி தடுமாறிவிடும். காட்டுநாய்களைத் தடுக்கப் போட்ட நாய் வேலியின் கதவைத் தாண்டியதும் இரண்டு தடம் பிரிகிறது. அகலமாக, நேராக, பார்க்க நல்ல ரோடு மாதிரி இருப்பது, எண்ணெய் தேடியவர்கள் அந்தக் காலத்தில் புல்டோசர் விட்டுப் போட்ட தடம். நாற்பது கிலோமீட்டர் ஓடி மணலில் முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் அதில் போக மாட்டார்கள். போன் கைவிட்ட வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் போவார்கள்.

அதனால் அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டல்சி கடையில் மணி அடித்தாள். ஊரில் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் மணி அடிப்பது வழக்கம்.

"ஏம்ப்பா மெர்வ், மோப்பம் புடிச்சே போயிட்டியா? நாய்க்கு வெக்கிற பிஸ்கட்டு இருக்கு, தரட்டுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த முறை அது மறதி அல்ல. மெல்லிய செப்புத் துண்டு, நகத்தளவு போதும், பின்மூடியின் உட்புறம் ஆன்டெனாவை மறைத்து ஒட்டினால் ஆயிற்று. நான் முரடன் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கேன் தண்ணீர் இல்லாமல் யாரையும் நான் அனுப்பியதில்லை. "வண்டிய விட்டு மட்டும் நகராதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்வேன். இங்கே பிள்ளைகள் பேசப் பழகும்போதே கற்றுக்கொள்கிற சட்டம் அது. வண்டியோடு இருக்கிற ஆளைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் போகப்போகத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் தாகத்தில் இருந்தவர் சொல்லும் நன்றி வேறு, ஒரு ராத்திரியும் பகலும் இருந்தவர் சொல்லும் நன்றி வேறு. முதலாமவர் "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்பார். இரண்டாமவர் உங்கள் பூட்ஸ் காலைக் கட்டிக்கொள்வார். மூன்றாவது ஆளுக்கு மதியம் வரை பொறுத்தேன். ஐந்தாவது முறை, டென்மார்க்கிலிருந்து வந்த பையன்களுக்கு, மறுநாள் சாயங்காலம் வரை. எல்லாரும் உயிரோடு, தங்கள் காலால் நடந்து டல்சியின் கடைக்கு வந்தார்கள்.

இனி ரொவீனா.

நர்ஸாக இங்கே வந்து மூன்று வருடம். நல்ல பெண். ஆனால் அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை. டயரைத் தானே மாற்றிக்கொள்வாள். கதவைத் திறந்துவிட்டால், "நன்றி மெர்வ்" என்பாள், உப்பு எடுத்துக் கொடுத்தவனிடம் சொல்வது போல. இரண்டு வாரத்தில் அடிலெய்டுக்கு மாற்றலாகிப் போகப்போகிறாள் என்று டல்சி சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. போவதற்குள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து அவள் முகம் மலர வேண்டும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசை இல்லை.

வெள்ளிக்கிழமை அவளே போனைக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை பிளாக் ஓக் பண்ணைக்குப் போக வேண்டும், அந்த வழியில் அவள் போனதில்லை.

"புள்ளி கிறுக்குப் புடிச்ச மாதிரி தாவுது மெர்வ். நேத்து என்னைய ஏரி நடுவுல நிக்க வெச்சிருச்சு. எனக்கு நீச்சலே தெரியாது."

"அந்த ஏரியில தண்ணி வந்து ஒம்பது வருசமாச்சும்மா," என்றேன்.

"அப்ப பொழச்சேன். உங்க கை பட்டா செத்த போன்கூட எந்திரிச்சு உக்காரும்னு டல்சி பெருமையடிக்கிறாங்க. பாத்துக் குடுங்க."

காந்த உறைதான் காரணம். கழற்றினேன், சரியாகிவிட்டது. பிறகு பின்மூடியைத் திறந்தேன். அவளுடைய மருத்துவமனையின் செயற்கைக்கோள் போனும் அந்த வாரம் என் மேசையில்தான் இருந்தது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை. புதன்கிழமை தருகிறேன் என்றேன்.

திரும்பக் கொடுக்கும்போது, "இனிமே பொய் சொல்லாது. கண்ண மூடிட்டு நம்பலாம்," என்றேன். வண்டியைப் பற்றிய சட்டத்தை மட்டும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்ணுக்கு அதைச் சொல்வது அவமரியாதையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் மதியம் அவள் பண்ணைக்குப் போய்ச் சேரவில்லை. செவ்வாய் காலை தேடுதல் விமானம் வந்தது. விமானி டல்சியின் கடையில் வரைபடத்தை விரித்து, "உங்களுக்குத்தான் இந்தக் காடு அத்துப்படி. எங்கருந்து ஆரம்பிக்கலாம்?" என்று என்னைக் கேட்டான். வேலியை ஒட்டித் தெற்கே என்றேன். தெற்கேயும் ஆட்கள் தொலைந்ததுண்டு, ஆகவே அது பொய்யாகாது. அன்று வெயில் நாற்பத்துநாலு டிகிரி. டல்சி அழுதுகொண்டே எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். நாலு மணிக்கு அங்கே போய்ச் சேருவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

நாலேகாலுக்கு அந்தப் புல்டோசர் தடத்தில் வண்டியைக் கண்டேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடித் துடைப்பானின் அடியில் ஒரு தாள். அவள் ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே, ஒரு முல்கா மரத்தடியில், சட்டையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கிடந்தாள். போன் கையில் இருந்தது. நான் தூக்கி வந்தபோது அவளுக்கு எடையே இல்லை. டல்சி மணி அடிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஏனென்றால் இவளையும் கண்டுபிடித்தது நான்தான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஆறு முறையும் நான்தான் தொலைத்தேன். ரொவீனா எங்கே இருக்கிறாள் என்று திங்கள் மதியமே எனக்குத் தெரியும். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டியிலேயே இருந்திருந்தால் இந்நேரம் என் எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பாள். சட்டத்தை மீறியது அவள்.

ஏன் இறங்கி நடந்தாள் என்றுதானே உங்களுக்குப் புரியவில்லை? தாளைப் படிக்கிறேன். "செவ்வாய், காலை பத்து இருபது. வண்டியை விட்டு நகரக் கூடாது என்று தெரியும். ஆனால் மெயின் ரோடு வடக்கே எண்ணூறு மீட்டர்தான் என்று போன் காட்டுகிறது. வேறு போனாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இது மெர்வ் பார்த்துக் கொடுத்த போன், அதனால் நடக்கிறேன்."

நீங்கள் வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக யாரும் எழுதியதில்லை.