நான்கு மணிப் படம்

நாய்க்கு இன்சுலின் போடும்போது அது சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாய் தட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் பிடரித் தோலை லேசாகத் தூக்கி, ஊசியைச் சாய்வாக ஏற்றினால் அதற்குத் தெரியவே தெரியாது. காலை ஆறு, மாலை ஆறு. நாற்பத்திரண்டு நாளில் நான் ஒரு ஊசிகூடத் தவறவிடவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட் லியானா. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அது தவறாகவும் இருக்கலாம்.

என் பெயர் ரீஸ், வயது இருபத்து நான்கு. எனக்கு வீடு கிடையாது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் பதினான்கு அடி கேரவன் ஒன்று இருக்கிறது. கடற்கரை ஊர்களில் யாராவது வெளியூர் போனால், அவர்கள் திரும்பும்வரை அந்த வீட்டில் தங்கி நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வேன். திரும்பி வந்தவர்கள் இணையத்தில் என்னைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். அதைப் பார்த்து வேறொரு ஊரில் இன்னொரு வீட்டுக்காரர் கூப்பிடுவார். டன்னட் குடாவில் மேவிஸ் பென்ரோஸின் வீடு எனக்கு முப்பத்திரண்டாவது.

குளிர்காலம் வந்தால் இந்தத் தெருவில் பாதிப் பேர் காரில் கேரவனை மாட்டிக்கொண்டு, இந்த நாட்டில் வெயில் அடிக்கும் வடக்குப் பக்கம் போய்விடுவார்கள். மேவிஸுக்கு அறுபத்தொன்பது வயது. கணவர் ரான் இறந்த பிறகும் தனியாகவே போய்க்கொண்டிருந்தார். நக்கெட்டை மட்டும் இந்த முறை விட்டுவிட்டுப் போனார். நக்கெட் மாடு மேய்க்கும் சாதி நாய், பதின்மூன்று வயது. சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயிருந்தன. முதல் வாரம் கதவு நிலையில் முட்டிக்கொண்டான். இரண்டாவது வாரம் என் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கும் முட்டவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தினம் ஒரு படம் அனுப்ப வேண்டும், அப்போதுதான் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். நான் மாலை நான்கு மணிக்கு அனுப்புவேன். போனில் மணி வைத்திருக்கிறேன். அது அடித்தால் கை தானாகவே வேலையைச் செய்யும்.

மேவிஸ் ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பினார். நக்கெட் அவர் குரல் கேட்டு வாலை ஆட்டினான், ஆனால் என் காலருகிலேயே நின்றான். நான் இதை அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் செவ்வாய்தோறும் நாட்குறிப்பு வகுப்பு நடக்கும். உணர்ந்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்பார் ஆசிரியர். பெருமையாக இருந்தது என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

சமையலறையில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தைச் சூடாக்கி வைத்திருந்தேன். மேவிஸ் அதில் தக்காளி சாஸை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"வியாழக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கே வர்றாங்க, கண்ணு. தோட்டத்துல அவன் படுக்கற எடத்துலயே முடிச்சுடலாம்னு இருக்கேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "எதை முடிக்கறது?"

"நக்கெட்ட. வலியே இருக்காதாம். எவ்ளோ நாள்தான் இருட்டுல தடவிக்கிட்டுக் கெடப்பான்?"

"என்கிட்ட குடுத்துடுங்களேன் மேவிஸ். நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ நல்ல பையன்டா. ஆனா மாசத்துக்கு ஒரு ஊரு மாத்தற. இந்த வீடுன்னா அவனுக்கு எது எங்க இருக்குன்னு தெரியும். உன்கூட வந்தா ஒவ்வொரு ஊர்லயும் முட்டிக்கிட்டே சாவான்."

அதில் நியாயம் இருந்தது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. நான் தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கினேன்.

மூன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் கெவ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "ரீஸ், கேரவன நீயே உள்ள விட்டுடுப்பா. போன வருஷம் இவ விட்டதுல என் தக்காளிச் செடி மொத்தமும் போச்சு."

"உன் தக்காளிய நத்தைகூடத் தின்னாதுய்யா," என்றார் மேவிஸ். "போய் பீரக் குடிச்சுட்டுத் தூங்கு."

கெவ் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மேவிஸின் கேரவன் இருபத்தொரு அடி. அதை நிறுத்தும் கொட்டகைக்கு மூன்று பக்கமும் செங்கல் சுவர். ஒருவர் பின்னால் நின்று கை காட்ட, ஒருவர் ஓட்ட வேண்டும். கேரவன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்றுதான். கை காட்டுபவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மேவிஸ் ஆரஞ்சு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, இடப்பக்கச் சுவரோரமாக, உள் மூலையில் போய் நின்றார். "ரானுக்கும் இங்க நின்னுதான் காட்டுவேன்," என்றார். அங்கே நிற்கக் கூடாது. ஒதுங்க இடம் கிடையாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நக்கெட்டைக் காரின் முன் இருக்கையில், என் இடப்பக்கம் உட்கார வைத்தேன். கண் தெரியாத நாய், சக்கரத்துக்கு அடியில் வந்துவிடக்கூடும். மார்புப் பட்டையை இருக்கைப் பட்டையோடு இணைத்தேன். பத்து மீட்டர் பின்னால் போவதற்கு நாய்க்கு யாராவது பட்டை மாட்டுவார்களா என்று நீங்கள் கேட்டீர்கள். வண்டி குலுங்கும் என்பதால் மாட்டினேன். திட்டமிட்டாயா என்பது வேறு கேள்வி. அதற்கு எனக்குத் தெளிவான பதில் இல்லை.

கேரவன் பாதி உள்ளே போயிருந்தபோது போனில் மணி அடித்தது. நான்கு மணி. வண்டியை நிறுத்தி, நக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். கொட்டகைக்குள் மேவிஸின் போன் ஒலித்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். போனைத் தூக்கிக் காட்டினார். பிறகு மறுபடியும் குனிந்து போனைப் பார்த்தார்.

ஸ்டீயரிங்கை ஒரு சுற்று வலப்பக்கம் திருப்பினேன். பின்னால் போகும்போது அப்படித் திருப்பினால் கேரவனின் பின்பக்கம் இடப்பக்கம் வளையும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பின்னால் மாட்டியிருந்த மாற்றுச் சக்கரம் அவர் மார்பு உயரத்தில் இருந்தது. ஈர மரக்கிளையை முறிப்பது போன்ற சத்தம். போன் தரையில் விழுந்தது. அவர் விழவில்லை, சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்றபடியே இருந்தார். வாய் திறந்திருந்தது.

ஒரு மீட்டர் முன்னால் எடுத்தேன். சரிந்து உட்கார்ந்தார். சத்தம் வந்துகொண்டிருந்தது. எந்த உயிரையும் பாதியில் விட்டுவிடக் கூடாது. அதனால் மறுபடியும் பின்னால் போனேன். இந்த முறை கேரவனின் அடிச்சட்டம் தலை உயரத்தில் பட்டது. சுவரில் தெறித்தது கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் நின்றது.

கேரவன் கோணலாக நின்றது. முன்னால் எடுத்து மூன்றாவது முறை பின்னால் விட்டேன். சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. கேரவன் நேராக நின்றது.

பட்டை மாட்டியிருந்ததால் நக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறக்கியதும் மோப்பம் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போகப் பார்த்தான். வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

கண்ணாடியில் தெரியவில்லை, பதற்றத்தில் நிறுத்தத் தவறிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கெவ் என் தோளில் சாய்ந்து அழுதார். "இப்படித்தான் ஆகும்டா. எங்க மாமாவும் இப்படித்தான் போனாரு. நீ என்ன பண்ணுவ?" ஆறு மணிக்கு நக்கெட்டுக்கு ஊசி போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது நீங்கள் வந்தீர்கள். மேவிஸின் போனை மேசையில் வைத்தீர்கள்.

"இது நீ எடுத்த படந்தான?"

"ஆமா. நாலு மணிக்கு எடுத்தது."

"நாய்க்குப் பின்னாடி, ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியுது?"

"கண்ணாடி. கேரவன் இழுக்கறப்ப காருக்கு மாட்டற நீளக் கண்ணாடி."

"அதுக்குள்ள ஆரஞ்சு நெறத்துல தெரியறது?"

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தேன். "மேவிஸ்," என்றேன்.

"தெரியலன்னு சொன்னியே, ரீஸ்."

தெரிந்தது. மூன்று முறையும் தெரிந்தது. நான் தெரிந்தேதான் செய்தேன். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என்னை இங்கே கொண்டுவந்த பிறகு, டாக்டர் வருவதை யாரும் ரத்து செய்யவில்லையாம். வியாழக்கிழமை சொன்னபடி வந்திருக்கிறார். கெவ்தான் கதவைத் திறந்துவிட்டு, தோட்டத்தில் நக்கெட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டாராம். அதுவரை இரண்டு நாளும் அவன் கதவு நிலையில் முட்டிக்கொண்டே இருந்தானாம். என் காலடியைத் தேடியிருப்பான்.

ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி என்னைக் கூப்பிட நினைக்கும் வீட்டுக்காரர்கள் படிக்கக்கூடும். முப்பத்திரண்டு வீடுகளிலும், என் பொறுப்பில் இருந்தவரை, எந்த உயிருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.