மூச்சு மட்டும் அவளுடையது

ஒலிப்பதிவு அறையில் மின்விசிறி போடக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. காற்றுச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அதனால் என் மகள் தன் முதல் இசைத்தட்டை வேர்த்து விறுவிறுத்துத்தான் பாடினாள். பெற்றவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்குமா? நீங்கள் இந்த அரங்கின் மேலாளர், கேட்க உரிமை உள்ளவர். முழுவதையும் சொல்கிறேன், உட்காருங்கள்.

அவள் சோப்ரானோ. பெண் குரல்களிலேயே மிக மேலே போகிற குரல். நானும் அதேதான், ஆனால் சேர்ந்திசைக் குழுவில், பின்வரிசையில். எனக்கென்று ஒரு தனிக் கச்சேரி முடிவானபோது இவள் வயிற்றில் இருந்தாள். கச்சேரி நின்றுபோயிற்று. அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் பிறந்தநாளன்று மட்டும் சொல்வேன்.

ஒலிப்பதிவு செய்தவன் என் தம்பி. ஒரே பாட்டைப் பல தடவை பாடவைத்து, நன்றாக வந்த துண்டுகளை எடுத்து ஒட்டுவது அவர்கள் வழக்கம். மூன்றாவது பாட்டின் உச்ச சுரம் மட்டும் எத்தனை தடவை பாடியும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகு நானே மைக் முன்னால் நின்று அந்த ஒரு சுரத்தைப் பாடிக் கொடுத்தேன். அச்சு அசல் அவள் குரல்.

புதுத் துணியால் ஒட்டுப் போட்டால் சுற்றியிருக்கும் பழைய துணி வெளுத்துத் தெரியும், இல்லையா? அதனால் அந்த வரி முழுவதையும் பாடினேன். பிறகு அந்தப் பாட்டை. ஒரு பாட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாதே என்று மற்றப் பாட்டுகளையும் பாடிவிட்டேன். தம்பி முணுமுணுத்தான்.

"அக்கா, ஒரே ஒரு சுரம்தான்னு சொன்ன. இப்ப இதுல அவ எங்க இருக்கா?"

"மூச்சு வாங்குறதெல்லாம் அவதானேடா," என்றேன். அது சத்தியமான உண்மை. நடுநடுவே கேட்கும் மூச்செல்லாம் அவளுடையதுதான்.

ஒரே இடத்தில் சறுக்கினேன். கடைசிப் பாட்டில் ஒரு நீளமான வரி. அதன் நடுவில் அவள் மூச்சு வாங்குவாள். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. எனக்குத்தான் மனம் வரவில்லை. தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் இங்க மூச்சு வாங்குவேனே. எப்படிம்மா ஒரே இழுப்புல பாடினேன்?"

உனக்கே தெரியாத திறமை உனக்குள் இருக்கிறது என்றேன். நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அதை ஒரே மூச்சில் பாடிப் பார்த்து, முகம் கத்தரிக்காய் நிறமாகும்வரை நிற்கிறாள். இதற்கிடையில் தட்டைக் கேட்டு நீங்கள் உருகிப்போய், அவளை இன்று மேடைக்கே அழைத்துவிட்டீர்கள். அவள் வாயைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே குட்டு உடைந்துவிடும். ஆரம்பத்திலேயே பிள்ளையின் பேர் கெடுவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அதனால் அவள் கேட்ட வெந்நீரில் என் தூக்க மாத்திரையில் ஒன்றைக் கரைத்தேன். சரி, ஒன்றரை. ஒப்பனை அறை சோபாவில் அவள் தூங்குவதை நீங்களே பார்த்தீர்கள். எழுப்ப வேண்டாம், விடிந்தால் தானாக எழுந்துவிடுவாள்.

நான் உடுத்தியிருப்பது அவள் கவுன்தான். முதுகில் கொக்கிகள் பூட்டவில்லை, ஆகவே சபைக்கு முதுகைக் காட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பியானோக்காரருக்குக் கண் பார்வை மட்டு. விளக்கை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

எனக்கென்று நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இதோ, கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கதவை விடுங்கள் ஐயா. அந்தக் கைதட்டல் அவளுடையது. நான் போய் வாங்கி வைத்திருந்து, எழுந்ததும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.