கூனிச் சம்பல் வீடியோவில் கேட்ட சிரிப்பு

பெயர்: அஜந்தா உதயரூபன். வயது: 36. தொழில்: சுயதொழில். முகவரி: கோயில் வீதி, தேற்றாத்தீவு. 2025 ஓகஸ்ட் 14ஆந் திகதி பிற்பகல் 2.10 மணிக்கு, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தர் முன்னிலையில் கூறுவதாவது:

நான் மேற்படி முகவரியில் என் இரண்டு பெண் பிள்ளைகளுடன் வசித்து வருகிறேன். கணவர் கட்டாரில் சாரதியாக இருக்கிறார். வாவியில் பிடிபடும் கூனி இறாலை வாங்கிக் காயவைத்து, வறுத்து, செத்தல் மிளகாயும் உள்ளியும் சேர்த்து இடித்துப் போத்தலில் அடைத்து விற்கிறேன். எனக்குக் கடை இல்லை. பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் பேஜ் வைத்திருக்கிறேன். என் வியாபாரம் முழுவதும் அதில்தான் நடக்கிறது.

இவ்வருடம் ஜனவரி மாதம் ஆர்த்திகா, வயது 27, என்னிடம் வேலைக்கு வந்தார். அவர் வேறு ஊரில் தெரிந்த ஒரு குடும்பத்துடன் தங்கி பஸ்ஸில் வந்து போனார். அவருடைய இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பாது. உலக்கையை வலது கையால் மட்டும் பிடிப்பார். வந்து இரண்டு கிழமைக்குப் பின்னர், அந்தக் கையை முறித்தவர் தன் கணவர் நிலோஜன் என்றும், அவர் வாகரைப் பக்கம் மாங்கேணியில் கடற்றொழில் செய்பவர் என்றும், அவர் தன்னை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றக் கட்டளை இருக்கிறது என்றும், தான் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது என்றும் என்னிடம் சொன்னார். ஆகவே இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

மார்ச் மாதம் நான் வீடியோ எடுக்கத் தொடங்கியபோது ஆர்த்திகா, "முகம் வேணாங் கா. என்ட குரலும் வேணாம். கைய மட்டும் எடுங்க, மேல பாட்டுப் போடுங்க" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நான்கு மாதமாக அப்படியே செய்தேன். அந்த வீடியோக்களைப் பெரிதாக யாரும் பார்க்கவில்லை. மே மாதம் பெண்களுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். பாட்டை விட வேலை செய்பவரின் சொந்தக் குரல் இருந்தால்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்றும், யார் எது கேட்டாலும் உடனே பதில் போட வேண்டும் என்றும் அங்கே சொல்லித் தந்தார்கள்.

ஜூலை 20ஆந் திகதி ஆர்த்திகா மிளகாய் வறுப்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். புகை ஏறி அவருக்குத் தும்மல் வந்தது. ஏழெட்டுத் தரம் தும்மிவிட்டு, "அக்கா, சம்பல் என்னையும் சேத்து வறுக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று இரவு வீடியோவைத் திருத்தும்போது பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பிறகு பாட்டை எடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கைகள் மட்டுந்தானே தெரிகின்றன என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் காட்டும்படி காசு கட்டிப் போட்டேன்.

மறுநாள் விடியும்போது நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கிழமை முடிவதற்குள் நான்கு இலட்சமாகியது. மற்றவர்கள் அதை இறக்கித் தங்கள் பேஜ்களிலும் போட்டார்கள். அந்தக் கிழமை ஆர்த்திகா அதிகம் பேசாமல் வேலை செய்தார். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஓகஸ்ட் 7ஆந் திகதி பகல் 12 மணியளவில், "றோசா மலர்" என்ற பெயருடைய, படம் இல்லாத கணக்கு ஒன்று என் பேஜில் இருந்த பழைய வீடியோக்கள் எல்லாவற்றிற்கும் ஒன்றன்பின் ஒன்றாக லைக் போட்டது. அதன் பின்னர் எனக்குச் செய்தி வந்தது. "அக்கா சம்பல் நல்ல ருசியாம். ஆர்ர கைப்பக்குவம்?" நான், "எங்குட தங்கச்சி ஒருவ செய்யிறா" என்று எழுதினேன். "அவ எந்த ஊர்?" என்று கேட்கப்பட்டது. "வாகரப் பக்கம்" என்று எழுதினேன். ஐம்பது போத்தல் கலியாண வீட்டுக்கு வேண்டும், நேரில் வந்து எடுக்கலாமா என்று கேட்கப்பட்டது. நான் என் வீட்டு லொக்கேஷனை அனுப்பினேன். இந்தச் செய்திகள் எல்லாம் நான் ஒப்படைத்துள்ள தொலைபேசியில் இருக்கின்றன.

ஆர்த்திகாவின் நிலைமை தெரிந்தும் ஏன் இடத்தை அனுப்பினீர்கள் என்று உத்தியோகத்தர் கேட்டார். பெண் பெயர் என்பதால் சந்தேகப்படவில்லை. ஐம்பது போத்தல் கைவிட்டுப் போய்விடும் என்ற அவசரமும் இருந்தது. வேறு காரணம் இல்லை.

ஓகஸ்ட் 10ஆந் திகதி அதே கணக்கிலிருந்து, "அந்தத் தங்கச்சி எத்தின மணிக்கு வருவா?" என்று கேட்கப்பட்டது. சம்பல் வாங்குகிறவருக்கு அது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பதில் எழுதவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்திருக்கும். அன்று முழுவதும் தொலைபேசி சத்தம் போடும் போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். வாசற் படலை பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். ஆர்த்திகாவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னால் மறுநாள் வேலைக்கு வரமாட்டார், பாட்டை எடுத்ததையும் சொல்ல வேண்டி வரும் என்று சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் 11ஆந் திகதி, திங்கட்கிழமை, காலை 11 மணிக்கு முன்வளவில் மேசை போட்டு, போத்தல்களை அடுக்கி, தொலைபேசியை ஸ்டாண்டில் வைத்து லைவ் தொடங்கினேன். ஆர்த்திகா பின்பக்கக் கொட்டிலில் வறுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "சம்பல் எடுக்க வந்தன்" என்றார். எத்தனை போத்தல் என்று கேட்டேன். அவர் போத்தல்களைப் பார்க்கவில்லை. வீட்டின் பின்பக்கம் பார்த்து, மெதுவாக, "ஆர்த்தி" என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் எங்கும் போட்டதில்லை.

நான், "புள்ள, கதவச் சாத்து!" என்று கத்தினேன். கொட்டிலுக்குக் கதவு கிடையாது. அது எனக்குத் தெரியும், என்றாலும் வாயில் அதுதான் வந்தது. அவர் ஓடிப்போய் ஆர்த்திகாவின் தலைமுடியைப் பிடித்து அடுப்படியிலிருந்து இழுத்து, தலைக்கவசத்தைக் கழற்றி அதனால் தோளிலும் கழுத்தடியிலும் அடித்தார். நான் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளினார். விழுந்து, மறுகா எழும்பிப் பிடித்தேன். ஆர்த்திகா கத்தவில்லை. கத்தியது நான்.

லைவ் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் போத்தல்கள் மட்டுந்தான் தெரிந்தன. பின்னர் நான் பார்த்தபோது, "என்ன சத்தம்?" என்று சிலரும், "அக்கா ஒரு போத்தல் என்ன விலை?" என்று சிலரும் எழுதியிருந்தார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் கோணாமலை அண்ணன் லைவ் பார்த்துக்கொண்டிருந்தவர், என் குரலைக் கேட்டு இரண்டு பேருடன் ஓடிவந்தார். அவர்களைக் கண்டதும் அந்த ஆள் தலைக்கவசத்தைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். அவர்தான் நிலோஜன் என்று ஆர்த்திகா சொன்னார். கோணாமலை அண்ணனே உங்களுக்கு அழைப்பெடுத்தார். அதன் பின்னர் ஆட்டோவில் ஆர்த்திகாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். காறை எலும்பு முறிந்திருந்தது.

12ஆந் திகதி ஆஸ்பத்திரியில் வைத்து, பாட்டை எடுத்தது நான்தான் என்று ஆர்த்திகாவிடம் சொன்னேன். அவர், "தெரியுங் கா. அடுத்த நாளே பஸ்ஸில முன்னால இருந்தவர் பாத்துக்கொண்டு வந்தார். என்ட சிரிப்புக் கேட்டிச்சி. நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, அதான் சொல்லல்ல" என்றார். அந்த நாளிலிருந்து மூன்று கிழமை அவர் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்.

அந்த வீடியோவை என் பேஜிலிருந்து நீக்கிவிட்டேன். அதன் பிரதியை உங்களிடம் தந்துள்ளேன். மற்றவர்களுடைய பேஜ்களில் அது இன்னும் இருக்கிறது. பதினேழு பேருக்கு எழுதிக் கேட்டேன். மூன்று பேர் நீக்கினார்கள். ஒருவர், "நல்ல வீடியோதானே அக்கா" என்று பதில் போட்டார்.

நிலோஜன் நேற்றுச் சட்டத்தரணியுடன் வந்து சரணடைந்ததாக அறிந்தேன். ஆர்த்திகா ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி இப்போது எங்கே தங்கியிருக்கிறார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரியும். நான் சொல்வதன் பிரதி அந்தச் சட்டத்தரணிக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கலாம் என்று உத்தியோகத்தர் சொன்னார். அப்படியென்றால் இதில் சொல்ல மாட்டேன், நீதவான் கேட்டால் அவரிடம் மட்டும் சொல்வேன் என்றேன். நான் மறுத்ததையும் எழுதும்படி கேட்டேன். எழுதப்பட்டது.

நான் சொன்னவை இவ்வளவே. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில், ஆர்த்திகா வழமையாகப் பஸ் ஏறும் ஊரின் பெயரை நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தது தெரிந்தது. அதை வெட்டும்படி கேட்டு, எழுத்து தெரியாத அளவுக்கு மை போட்டு வெட்டப்பட்ட பின், அந்த இடத்தில் என் சுருக்கக் கையெழுத்தை வைத்தேன். மிகுதி அனைத்தும் நடந்தபடியே உள்ளது என்பதற்கு இங்கே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) உ. அஜந்தா