பின்வாசல் பாத்தியில் ஹெலிபோர் பூத்திருக்கிறது

தை மகளை வரவேற்கத் திரண்டிருக்கும் இந்தப் பொங்கல் விழாவின் தலைவர், நம் சங்கத்தைத் தோளில் சுமக்கும் தில்லையம்பலம் அண்ணை அவர்களே, செயலாளர் தம்பி ரதீசன் அவர்களே, விடிய முதல் எழும்பிப் பானை வைத்த தாய்மாரே, மண்டபத்துக்குள்ளும் கோட்டுக் கழற்றாத பெரியோரே, பின்வரிசையில் போனைப் பார்க்கும் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் நகுலேஸ்வரியின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

என் பேரன் பிரியந்தன் பல் வைத்தியனாகப் பட்டம் பெற்றுவிட்டான். பேத்தி கம்சிகா மெட்ரோபொலிட்டன் லைனில் ரயில் ஓட்டுகிறாள். கடைக்குட்டி மேனுஷா வயலினில் எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். முன்வரிசையில் இருக்கிற தவநாயகி அக்கா, மணிக்கூட்டைக் காட்டாதேங்கோ, விசயத்துக்கு வாறன். எனக்கு இன்னொரு கூட்டம் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தின் பின்வாசலில், மதிலோரம், மண் பார்த்துத் தலை குனிந்து நிற்கிறார்கள். அவர்கள் பெயர் ஹெலிபோர், பனிக்காலத்தில் பூக்கிற பூச்செடி.

இன்று சாப்பாடு முடிந்ததும் நிர்வாகக் குழு கூடுகிறது. அந்தப் பாத்தியை மூடிக் கல் பதித்து, கார் நிறுத்த இடம் செய்வதா என்று வாக்கெடுக்கப் போகிறார்கள். இந்தப் பேச்சு வந்த மார்கழியிலேயே, ஏன் என்று கேட்டேன். “அங்கை ஒண்டும் வளரேல்லையே, அன்ரி” என்றார் ரதீசன்.

வளரவில்லையா? சபையோரே, வளர்ந்த கதையைச் சொல்கிறேன்.

குளிர் வந்தால் நாம் என்ன செய்வோம்? கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கி வீட்டுக்குள் வைப்போம். பிள்ளைக்குப் போடாத ஹீற்றரை அதற்குப் போடுவோம். சிரிக்கிறீர்கள், எல்லார் வீட்டிலும் அதுதானே? அதே பாசத்தில் என் முதல் ஹெலிபோரையும் உள்ளே வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் வார்த்தேன். அழுகிப் போனது. குளிரைக் கண்டு குதூகலிக்கும் செடியைக் கொண்டுபோய் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் அது வேறென்ன செய்யும்?

அடுத்து வாங்கிய செடிகளை இங்கே மதிலோரம் நட்டேன். கோடையில் நிழலும், இலை கொட்டிய பின் மெல்லிய வெளிச்சமும் தருகிற மரத்தடி. தண்ணீர் தேங்காத மண். உக்கிய இலையுரம். தண்டும் வேரும் சேர்கிற செடியின் கழுத்து மண்ணுக்குள் புதையாத நடவு. முதல் கோடையில் வேர் காயாமல் பார்த்தேன். பிறகு இடம் மாற்றவில்லை, கிண்டவில்லை, கிளறவில்லை. தாய்மாரே, ஒன்றை மறவாதீர்கள். செடி முழுக்க நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகளின் வாய்க்கு எட்டவிடாதீர்கள்.

மார்கழியில், புள்ளி விழுந்த பழைய இலைகளை அடியோடு வெட்டினேன். வெட்டினால்தான் நோய் தொற்றாது, மொட்டு வெளிச்சம் காணும். வெட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி ரதீசன் மொட்டைப் பாத்தியைப் படம் எடுத்தார். “இதுதான் அன்ரியின்ரை பூந்தோட்டம்” என்று எழுதிச் சங்கத்து வாட்ஸப்பில் போட்டார். அதன் கீழே எத்தனை சிரிப்பு முகங்கள். தவநாயகி அக்காவும் ஒன்று போட்டிருந்தார். ஓம் அக்கா, பார்த்தனான்.

போன கிழமை, உறைபனி கொட்டிய காலையில், அளவு நாடாவோடு வந்தார் ரதீசன். பூத்து நின்ற செடியெல்லாம் நிலத்தோடு படுத்துக் கிடந்தது.

“செத்துப் போச்சு அன்ரி. இனி விடுங்கோ.”

“முதல்லை தேத்தண்ணி குடியும் தம்பி.”

“நான் குடிச்சால் அது எழும்புமோ?”

“நீர் குடியும்.”

குடித்தார். வெயில் வந்தது. பனி உருகியது. ஒரு தண்டு நிமிர்ந்தது, அடுத்த தண்டு நிமிர்ந்தது, பாத்தி முழுக்க நிமிர்ந்தது. தம்பி வாய் பிளந்து நின்றார். பிறகு கேட்டார், “வடிவுதான் அன்ரி, ஆனால் காரை எங்கை விடுறது?”

அன்பர்களே, கார் பக்கத்துத் தெருவில் நிற்கும். என் ஹெலிபோர் எங்கே போய் நிற்கும்? ரோஜா உறங்கும் தையில், புல்லும் சுருளும் தையில், நாமெல்லாம் போர்வைக்குள் புதையும் தையில், பூத்து நிற்பது எது? வாசலில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில், வெண்கலச் சட்டித் தண்ணீரில் மிதக்கும் பூக்களைக் குனிந்து குனிந்து பார்த்தீர்களே, தில்லையம்பலம் அண்ணை, நீங்களும் “எந்தக் கடையிலை வாங்கினது?” என்று கேட்டீர்களே. கடையில் வாங்கவில்லை அண்ணை. நீங்கள் கல் போட்டு மூடப் போகும் பாத்தியில் பறித்தது.

வாக்கெடுக்கும் கைகளே, உயர்வதற்கு முன் ஒருமுறை பின்வாசலுக்கு வாருங்கள். அந்தப் பூவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பாருங்கள். பார்த்த பிறகும் கல்தான் வேண்டுமென்றால், முதல் கல்லை நானே தூக்கித் தருகிறேன்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி, பொங்கும் பானைபோல் உங்கள் வீடுகளும் பொங்கட்டும். ரதீசன் தம்பி, நீர் போனோடு முன்னுக்கு வாரும். அந்த மொட்டைப் பாத்திப் படம் இன்னும் வாட்ஸப்பில் கிடக்குது. கூட்டம் தொடங்க முதல், ஒரு புதுப்படம் எடுத்துப் போட்டுவிடும்.