தலை இறக்கிய நாள்

பளிங்குக்கு மழைத்தண்ணீர்தான் நல்லது. கிணற்றுத் தண்ணீர் பட்டால் உப்புப் பூத்து மூக்கோரமெல்லாம் வெளுத்துப்போகும். நார்போ துறைமுகத்தில் பேரரசர் சீசரின் கோயில் என் பொறுப்புக்கு வந்த பிறகு சிலையில் ஒரு பொட்டு உப்புக் கிடையாது. தலை இப்போது உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, நீங்களே பாருங்கள். அதை ஏன் இறக்கினாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஐயா.

நான் நுமிசியஸ் வீட்டில் அடிமையாகப் பிறந்தவன். பெயர் சோசிமஸ். அங்கே வேலையாட்களுக்குக் கங்காணியாக இருந்தேன். எசமானுக்கு என்னைப் பிடித்துப்போய் விடுதலை கொடுத்தார். அடிமையாகப் பிறந்தவனுக்கு ஊர்மன்றத்தில் இடமில்லை. சீசருக்குத் தூபம் போடும் அறுவரில் ஒருவனாகலாம், அவ்வளவுதான். நான் ஆனேன். ஊதாக் கரை போட்ட ஆடை உடுத்தி, நாடகசாலையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஆடைமேல் எனக்கு இருந்த ஆசையை மறைத்துப் பயனில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை பூமாலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நுமிசியஸ் வீட்டு அடுக்களைக்காரி ஹெல்பிஸ் ஓடிவந்து சீசர் சிலையின் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளும் ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும். சீசரின் காலைப் பிடித்த அடிமையை, ஆளுநரின் ஆள் வந்து விசாரிக்கும்வரை எவனும் தொடக்கூடாது. திருவிழாவுக்கு நீங்கள்தான் வருவதாக இருந்தது. அவள் முதுகில் இருந்த சவுக்குத் தழும்பைப் பார்த்திருந்தால் வேறு வீட்டுக்கு விற்கச் சொல்லியிருப்பீர்கள். அவள் பிழைத்திருப்பாள்.

"அண்ணே, நான் இந்தக் கால விடவே மாட்டேன்" என்றாள். "நீதான சொன்ன, புடிச்சவங்கள ஒருத்தனும் தொட முடியாதுன்னு."

சொன்னது உண்மைதான். ஒருநாள் மது குடித்துவிட்டு, என் கோயில் பெருமையை அந்த அடுக்களையில் உட்கார்ந்து அளந்திருந்தேன்.

"பயப்படாத. இங்க நான் இருக்கேன்ல" என்றேன். அத்திப்பழமும் ரொட்டியும் கொடுத்தேன். ஒரு கையால் காலைப் பிடித்தபடியே தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் நுமிசியஸ் ஆட்களோடு வந்து படிக்குக் கீழே நின்றார்.

"என் வீட்டுப் பொம்பளைய உள்ள வச்சிக்கிட்டு நாளைக்குத் திருவிழா நடத்தப்போறியா?"

"சட்டம் எசமான். நான் என்ன பண்ண?"

"சட்டமாடா உனக்குச் சோறு போட்டுச்சு?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விசாரிக்கட்டும். ஊருக்கு முன்னால முதுகக் காட்டட்டும். நான் என் வாழ்நாள்ல சவுக்கத் தொட்டதில்ல சோசிமஸ். அடிச்சது யாருன்னு கேட்டா அவ என் பேரச் சொல்லமாட்டா."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்கு மடி முழுக்கக் கனம். அவள் முதுகில் இருந்தது என் கை எழுத்து, ஐயா. கங்காணி வேலை அது. உத்தரவு அவருடையது, கை என்னுடையது. சட்டம் என்னைத் தண்டிக்காது என்று தெரியும். ஆனால் ஊதாக் கரை உடுத்தி நான் தூபம் போடும் நாளில், நேற்றுவரை அடிமையாக இருந்தவன் கூட இருந்தவளை உரித்த கதையை ஊரே கேட்கும். அடுத்த வருடம் என்னை யார் அறுவரில் சேர்ப்பார்கள்? பயந்தேன். வெட்கம்கூட இல்லை, வெறும் பயம்.

வெயில் ஏறும்போது ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. சீசர் இறந்துவிட்டார் என்று கப்பல்காரன் சொன்னான்.

செத்த சீசரை ரோமில் செனட் தெய்வமாக்கினால் சிலைக்கு இன்னும் ஒரு மாலை கூடும். சபித்தால் தலை இறங்கும். உடல் அப்படியே நிற்கும். கழுத்தில் குழி வைத்துத்தானே செதுக்குகிறார்கள், புதிய சீசரின் தலை வந்தால் பொருத்திக்கொள்ளலாம். இடைப்பட்ட நாளில் அது யாருடைய சிலையும் இல்லை. அதன் காலைப் பிடிப்பதும் தூணைப் பிடிப்பதும் ஒன்றுதான்.

கல்தச்சன் டோரசைக் கூப்பிட்டேன். "ஆளு போயிட்டாரு. செனட்டு சபிச்சிடுச்சு. தலைய எறக்கு" என்றேன்.

"ஓலை வந்துடுச்சா?"

"நாளைக்கு வரும். திருவிழால சபிச்ச மூஞ்சியா நிக்கணும்ங்கிற?"

கயிறு கட்டி இறக்கி வைக்கோலில் வைத்தான். ஹெல்பிஸ் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் குந்தி, "இது இப்ப வெறும் கல்லும்மா. எழுந்திரு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலை விட்டாள். எழுந்து போவாள் என்று நினைத்தேன். நேரே வைக்கோலுக்குப் போய்த் தலையைக் கட்டிக்கொண்டாள்.

"மூஞ்சி இங்கதான இருக்கு அண்ணே" என்றாள். "அப்ப சாமியும் இங்கதான?"

"பொண்ணு சொல்றது ஞாயந்தானப்பா" என்று டோரஸ் சிரித்தான்.

நான் வாசலுக்குப் போய் நுமிசியசின் ஆட்களைக் கூப்பிட்டேன். கொண்டுபோனார்கள். மாவு அரைக்கும் பெரிய திரிகையில் கழுதைக்குப் பதிலாக அவளைப் பூட்டினார்கள். அந்த வாரமே செத்துப்போனாள்.

பிறகு ஓலை வந்தது. செனட் சீசரைத் தெய்வமாக்கியிருந்தது. தெய்வத்தின் தலையை இறக்கியவன் என்று என்னைப் பிடித்து வந்தீர்கள். வந்த நாளிலிருந்து தலையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். காதோரம் சில்லு பெயர்ந்தது எப்படி, வைக்கோலில் வைத்தது அவமதிப்பா என்றெல்லாம். அவள் பெயரை நானாகச் சொல்லும்வரை இந்த அறையில் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கப்பல்காரன் தவறாகச் சொல்லிவிட்டான் என்று நேற்றுச் சொன்னேன். அவனை விட்டுவிடுங்கள். "ரோமே அழுதுக்கிட்டு கெடக்கு, பெரியவரச் சாமியாக்கிட்டாங்க" என்றுதான் அவன் சொன்னான். நன்றாகக் காதில் விழுந்தது. சபித்தது செனட் இல்லை, நான்தான். அவர் தெய்வம் என்று தெரிந்தே இறக்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நுமிசியசின் ஆட்கள் உள்ளே வந்தார்கள், ஆனால் அவளைத் தொடவில்லை. சீசரின் முகத்தைப் பார்த்துக் கைகட்டி நின்றுவிட்டார்கள். பளிங்குச் சுருள்முடிக்குள் அவள் விரல்கள் இறுகிக் கிடந்தன. நான்தான் குனிந்து விடுவித்தேன். அவளுக்கு வலிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு விரலாகத்தான் பிரித்தேன், ஐயா. ஒரு நகம்கூட உடையவில்லை.